அடித்தவனுக்கு ஆறு கோல்!

பிள்ளைகளே, 1933-ஆம் ஆண்டில் நடந்த ஒரு ஹாக்கி ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு பக்கம் பஞ்சாப் ரெஜிமென்ட் அணி. எதிர்ப்பக்கம் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் அணி. இரண்டுமே ராணுவ அணிகள்தான்.

பஞ்சாப் ரெஜிமென்ட் அணியில் ஒருவர் விளையாடிக் கொண்டிருந்தார். மிகவும் உயரமானவர் அல்ல; பெரிய உடம்பும் இல்லை. ஆனால் பந்து அவருடைய மட்டையை விட்டுப் பிரியவே மாட்டேன் என்றது. எதிரணியினர் குறுக்கே ஓடினார்கள், மறித்தார்கள், பிடுங்கப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. முடியாதபோது சிலருக்குக் கோபம் வரும் இல்லையா? அப்படிக் கோபம் தலைக்கேறிய ஒருவர் பந்தை விட்டுவிட்டு, மட்டையை ஓங்கி, அவர் தலையிலேயே அடித்துவிட்டார்.

அடிபட்டவரை வெளியே கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் தலையில் கட்டுடன் அவர் திரும்பி வந்தார். நேராகத் தன்னை அடித்தவரிடம் போனார். முதுகில் கையை வைத்து, இதற்குக் கட்டாயம் பழிவாங்கப் போவதாகச் சொன்னார். அவ்வளவுதான், அடித்தவருக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. எந்த நேரத்தில் தன் தலையில் அடி விழுமோ என்று அவரையே பார்த்துக் கொண்டிருந்தார். பந்து எங்கே போகிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

தலையில் கட்டுப் போட்டவர் என்ன செய்தார் தெரியுமா? வரிசையாக ஆறு கோல் போட்டார். ஆட்டம் முடிந்ததும் மறுபடியும் அந்த ஆளிடம் போய், முதுகில் தட்டிக் கொடுத்து, விளையாட்டில் இவ்வளவு கோபம் கூடாது என்றார். பழிவாங்கியாகிவிட்டது என்றும், அந்த அடி மட்டும் விழாமல் இருந்திருந்தால் 2 கோலோடு விட்டிருப்பேன் என்றும் சொன்னார். அடித்தவர் வெட்கத்தில் தலைகுனிந்து நின்றார்.

ஆறு கோல் போட்டவர்தான் தயான் சந்த்.

இந்த நிகழ்ச்சியை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். புத்தகத்தின் பெயர் 'கோல்'. ஒரே சொல்! 1952-ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஆங்கிலப் புத்தகம் எங்கே அச்சானது என்று நினைக்கிறீர்கள்? நம் சென்னையில்தான். அப்போது சென்னையிலிருந்து 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' என்றொரு விளையாட்டு வார இதழ் வந்து கொண்டிருந்தது. அந்த இதழ்க்காரர்கள்தான் அதை வெளியிட்டார்கள். இதழ் பிறகு நின்று போனது. புத்தகத்தைத் தேடிப் படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூன்று தங்கப் பதக்கம் வாங்கிய மனிதர், தாம் ஒரு சாதாரண ஆள் என்றுதான் அதில் தம்மை அறிமுகம் செய்து கொள்கிறார்.

1905-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார் தயான் சந்த். அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவரும் ஹாக்கி ஆடியவர். ராணுவக்காரர் வீடு என்றால் உங்களுக்குத் தெரியுமே, அடிக்கடி மாறுதல் வரும்! பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அதனால் ஆறு வருடப் படிப்போடு பள்ளிக்கூடம் நின்று போனது. கடைசியில் ஜான்சியில் வீடு கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆமாம், ராணி லட்சுமிபாயின் ஜான்சிதான்.

ஹாக்கி மேதையாயிற்றே, தவழும் வயதிலேயே மட்டையைப் பிடித்திருப்பார் என்று நினைக்காதீர்கள். சின்ன வயதில் அவருக்குப் பிடித்தது குஸ்தி. சொல்லிக்கொள்ளும்படி ஹாக்கி எதுவும் ஆடியதில்லை.

1922-இல், 16 வயது முடிந்ததும், முதல் பிராமண ரெஜிமென்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அந்த ரெஜிமென்டில் எல்லாருக்கும் ஹாக்கிப் பைத்தியம். பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் ஒருவர் இருந்தார். இந்தப் பையனின் கையில் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஆட வா, ஆட வா என்று விடாமல் கூப்பிட்டார். விளையாட்டுக்கென்று தனி நேரம் அங்கே கிடையாது. வேலை முடிந்த பிறகு, யார் யாருக்கு எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது மைதானத்துக்குப் போவார்கள். தயான் சந்துக்கு இரவில்தான் நேரம் கிடைத்ததாம். நிலா வெளிச்சத்துக்காகக் காத்திருந்து பந்தை உருட்டினாராம். தயான் சிங் என்ற பெயர் தயான் சந்த் ஆனது அதனால்தான் என்று சொல்வார்கள். சந்த் என்றால் இந்தியில் நிலா.

1926-இல் இந்திய ராணுவ அணி நியூசிலாந்துக்குப் புறப்பட்டது. அதில் தயான் சந்துக்கும் இடம். கப்பல், கடல், வெளிநாடு எல்லாமே அவருக்கு முதல் தடவை. சிப்பாய்களிடம் வெளிநாட்டுக்கு ஏற்ற நல்ல உடைகள் ஏது? ராணுவக் கிடங்கில் கொடுத்த துணிமணிகளைத்தான் பெரும்பாலும் போட்டுக்கொண்டு போனார்கள். 21 ஆட்டம் ஆடி, 18-இல் வெற்றி, 2 சமம், ஒன்றில் மட்டும் தோல்வி. திரும்பி வந்ததும் தயான் சந்துக்கு லான்ஸ் நாயக் பதவி கொடுத்தார்கள். ராணுவ ஏணியில் அது மிகச் சின்னப் படிதான்.

இப்போது 1928-க்கு வாருங்கள். ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக். இந்தியா முதன்முதலாக ஹாக்கி அணியை அனுப்புகிறது. பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்ட அன்று வழியனுப்ப எத்தனை பேர் வந்திருந்தார்கள் தெரியுமா? மூன்றே மூன்று பேர். அதில் இருவர் ஹாக்கி சங்கத்தின் நிர்வாகிகள், ஒருவர் பத்திரிகைக்காரர். ஒரு கல்யாண வீட்டுக்காரர் ரயில் ஏறினால்கூட அதைவிட அதிகம் பேர் ஸ்டேஷனுக்கு வருவார்கள்!

ஆம்ஸ்டர்டாமில் ஆஸ்திரியாவை 6 கோல், பெல்ஜியத்தை 9 கோல், டென்மார்க்கை 5 கோல், சுவிட்சர்லாந்தை 6 கோல் போட்டு வென்றார்கள். அணிக்குள் மட்டும் எல்லாம் சுமுகமாக இல்லை. ஜெய்பால் சிங் முண்டா என்ற பழங்குடி இளைஞர்தான் கேப்டன், ஆக்ஸ்போர்டில் படித்தவர். மனக்கசப்பால் அவர் பாதியிலேயே விலகிப் போனார். வெற்றியைப் பற்றிப் பேசும்போது இப்படிப்பட்ட பக்கங்களை நாம் புரட்டாமல் தாண்டிவிடுகிறோம்.

இறுதி ஆட்டத்தில் எதிரணி ஹாலந்து, அதுவும் அவர்கள் சொந்த ஊரில். நம்மவர்களில் பலருக்கு உடம்பு சரியில்லை. அப்படியும் 3 கோல் போட்டுத் தங்கம் வாங்கினார்கள். ஐந்து ஆட்டத்திலும் சேர்த்து 29 கோல் போட்ட இந்திய அணி, ஒரு கோல்கூட வாங்கவில்லை. ரிச்சர்ட் ஆலன் என்ற கோல் கீப்பருக்கு அதற்காக ஒரு சபாஷ் போடுங்கள். தயான் சந்த் மட்டும் 14 கோல்.

கப்பல் பம்பாய்க்குத் திரும்பியது. இப்போது துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை! போகும்போது மூன்று பேர், வரும்போது பெருங்கூட்டம். கப்பலில் இருந்தவர்கள் என்னவோ அதே ஆட்கள்தான். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி இதற்கு வருவேன்.

1932-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். தேர்வு ஆட்டங்களில் ஆட தயான் சந்துக்கு ராணுவத்தில் விடுப்பே கொடுக்கவில்லை. கடைசியில் ஹாக்கி சங்கம் தேர்வு இல்லாமலேயே அவரை எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை அவருடைய தம்பி ரூப் சிங்கும் அணியில் இருந்தார். ரூப் சிங்குக்கு ஒரு கவலை. வெளிநாட்டுக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல துணியே இல்லை. அதனால் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். அண்ணன்தான் தம் பணத்தில் துணி எடுத்து, கோட்டுத் தைத்துக் கொடுத்து அழைத்துப் போனார் என்பார்கள்.

அமெரிக்கா வெகு தொலைவு. அப்போது உலகமெங்கும் பணக் கஷ்டம். ஆகவே ஹாக்கிக்கு வந்தவை மூன்றே அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. ஜப்பானை 11-1 என்று வென்றோம். ஆகஸ்ட் 11-ஆம் நாள் அமெரிக்காவோடு ஆட்டம். முடிவைக் கேட்டால் மயங்கி விழுவீர்கள். 24-1! தம்பி 10 கோல், அண்ணன் 8 கோல். அமெரிக்கா அந்த ஒரு கோலைப் போட்டபோது நம் கோல் கீப்பர் யாருக்கோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக் கொண்டிருந்தார் என்று ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு வருடம் ஒரு சிறுமி மட்டும் எழுந்து, பத்துக் கோலோடு நிறுத்தியிருக்கலாமே சார், அந்த அண்ணன்கள் பாவம் இல்லையா என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எதிரணி பலவீனமாக இருக்கிறது என்று வேண்டுமென்றே மெதுவாக ஆடினால் அதுவும் அவர்களை அவமதிப்பதுதான் என்று பிறகு சொன்னேன். அவள் ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தங்கம் வாங்கியாகிவிட்டது. ஆனால் பயணச் செலவுக்கு வாங்கிய கடன்? அதை அடைக்க, ஒலிம்பிக் முடிந்த களைப்போடேயே நாடு நாடாகப் போய் ஆடினார்கள். அந்த நெடும் பயணத்தில் அணி போட்ட மொத்தக் கோல் 338. அதில் 133 தயான் சந்துடையது. அவருக்குச் சம்பளம் என்று கிடைத்தது ராணுவச் சம்பளம் மட்டும்தான். விளையாடுவதற்குப் பணம் வாங்கினால் ஒலிம்பிக்கில் ஆடவே முடியாது என்பது அந்தக் காலத்து விதி.

ஆனால் ஒன்று கேளுங்கள். இத்தனை ஆட்டங்களில் எது உங்களுக்குப் பிடித்த ஆட்டம் என்று அவரைக் கேட்டால் ஒலிம்பிக் எதையும் சொல்ல மாட்டார். 1933-இல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி ஆட்டத்தைத்தான் சொல்வார். அவருடைய ஊர் அணியின் பெயர் ஜான்சி ஹீரோஸ். எதிரே கல்கத்தா கஸ்டம்ஸ் அணி. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் நிறைந்தது. கூட்டமும் அவர்கள் பக்கம். ஆட்டம் முழுவதும் கஸ்டம்ஸ் அணியே நெருக்கிக் கொண்டிருந்தது. ஒரு தருணத்தில் நடு மைதானத்தில் தயான் சந்திடம் பந்து கிடைத்தது. தாமே கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நீளமாக ஒரு பாஸ் அடித்து இஸ்மாயில் என்பவருக்கு அனுப்பினார். இஸ்மாயில் பாதி மைதானத்தை ஓடிக் கடந்தார். எதிரணியின் தடுப்பாட்டக்காரர் கோல் கீப்பர் பார்த்துக்கொள்வார் என்று இருக்க, கோல் கீப்பர் அவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்க, இடையில் புகுந்து கோல் போட்டுவிட்டார். அந்த ஒரே கோலில் கோப்பை ஜான்சிக்கு வந்தது.

அவர் மிகவும் விரும்பிய ஆட்டத்தில் கோல் போட்டவர் அவர் அல்ல என்பதைக் கவனித்தீர்களா? கோலுக்குப் பக்கத்தில் போனதும் பந்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, பெயர் அவருக்குப் போகட்டும் என்று விடுவது தம் வழக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு வருடம் கால்பந்துப் போட்டி நடத்தினோம். வென்ற அணியில் கோல் போட்ட மாணவனுக்கு மேடையில் ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தோம். பந்தைப் பாதி மைதானம் உருட்டிக்கொண்டு வந்து அவன் காலில் வைத்தவன் வேறு ஒரு பையன். அவன் மேடைக்குக் கீழே நின்று கைதட்டிக் கொண்டிருந்தான். பரிசுப் பட்டியல் எழுதியவன் நான்தான். முழங்காலில் சிராய்ப்போடு அவன் நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

சரி, 1935. தயான் சந்த் கேப்டனாக ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஒரு பெரிய பயணம். 48 ஆட்டங்கள். அணி போட்டது 584 கோல். கேப்டன் போட்டது 201. அடிலெய்டில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்த கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன், கிரிக்கெட்டில் ரன் எடுப்பதுபோல் இவர் கோல் எடுக்கிறாரே என்று வியந்ததாகச் சொல்வார்கள்.

அடுத்த வருடம்தான் பெர்லின் ஒலிம்பிக். ஜெர்மனியில் அப்போது ஹிட்லர் ஆட்சி. தம் இனத்தவர்தான் உலகில் உயர்ந்தவர்கள் என்று காட்டிக்கொள்ள அவருக்கு விளையாட்டு ஒரு சாக்கு. கிரெட்டல் பெர்க்மன் என்றொரு ஜெர்மானியப் பெண். உயரம் தாண்டுதலில் அந்த நாட்டின் சாதனையைச் சமன் செய்தவர். யூதப் பெண் என்ற ஒரே காரணத்துக்காக ஒலிம்பிக் அணியிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். வண்ணக் கொடிகளும் பேண்டு வாத்தியமும் நிறைந்த அந்தத் திருவிழாவுக்குப் பின்னால் இதுவும் நடந்தது.

இந்தியக் கேப்டன் தயான் சந்த். ராணுவ அதிகாரி என்ற பதவி அவருக்கு அப்போதும் கிடைத்திருக்கவில்லை. ஜூலை 17-ஆம் நாள் ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். 4-1 என்று இந்தியா தோற்றுப் போனது! தயான் சந்துக்குத் தூக்கம் போய்விட்டது. உயிருள்ளவரை மறக்க முடியாத தோல்வி என்று பிற்காலத்தில் எழுதினார். உடனே ஊருக்குத் தந்தி பறந்தது. தாரா என்ற ஆட்டக்காரரை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அவர் விமானம் ஏறி, அரையிறுதி ஆட்டத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார்.

ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் எல்லாம் வரிசையாகத் தோற்றன. பிரான்சுக்கு விழுந்தது 10 கோல். இறுதி ஆட்டம் மறுபடியும் ஜெர்மனியோடு! ஆகஸ்ட் 14 அன்று நடக்க வேண்டியது. மழை பெய்து மைதானம் குளமாகிவிட்டதால் 15-ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது. ஆகஸ்ட் 15! அந்தத் தேதிக்கு இன்னும் 11 வருடம் கழித்து வேறொரு பெருமை வரப்போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

உடை மாற்றும் அறையில் எல்லாரும் கலக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி ஆட்டத் தோல்வி மனத்தை விட்டுப் போகவில்லை. அணியோடு வந்திருந்த பங்கஜ் குப்தா என்ற நிர்வாகி ஒரு கொடியை எடுத்து விரித்தார். காங்கிரசின் மூவண்ணக் கொடி. மைதானத்தில் இவர்களுக்காக ஏற்றப்படுவது பிரிட்டிஷ் ஆட்சியின் கொடி. ஆனால் அடைத்த கதவுக்குள் எல்லாரும் இந்தக் கொடிக்கு வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். கேப்டன் தயான் சந்தே பிரிட்டிஷ் அரசிடம் சம்பளம் வாங்கும் ராணுவக்காரர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பாதி ஆட்டம் வரை 1-0 தான். தரை ஈரம். தயான் சந்த் ஆணி வைத்த ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடத் தொடங்கினார். பிறகு பந்து பறந்தது. ஜெர்மானியர்கள் முரட்டுத்தனமாக மோதினார்கள். அவர்களுடைய கோல் கீப்பர் மோதியதில் தயான் சந்தின் பல் ஒன்று போனது என்றும், சிகிச்சை முடிந்து வந்தவர் இனிக் கொஞ்ச நேரம் கோல் போட வேண்டாம் என்று அணியினரிடம் சொன்னார் என்றும் ஒரு செய்தி உண்டு. பந்தைக் கோல் வரை கொண்டு போவார்களாம். போடாமல் திரும்பக் கொண்டு வருவார்களாம். 1933-இல் ஆறு கோல் போட்டுப் பழிவாங்கியவர், 1936-இல் கோல் போடாமல் பழிவாங்கினார் போலிருக்கிறது! கடைசியில் 8-1. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய கோல் அந்த ஒன்றே ஒன்றுதான், போட்டது 38.

அவருடைய மட்டைக்குள் காந்தம் இருக்கிறது என்று சொல்லி உடைத்துப் பார்த்தார்கள், ஹிட்லர் கூப்பிட்டு ஜெர்மனி ராணுவத்தில் பெரிய பதவி தருகிறேன் என்றார் என்றெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இவற்றுக்கு இல்லை. இவை இல்லாமலே தயான் சந்த் பெரியவர்தான்.

இன்னொரு செய்தி. ஹாக்கி விதிகளை வகுத்த நாடு இங்கிலாந்து. 1920-இல் பிரிட்டன் ஒலிம்பிக் தங்கமும் வாங்கியது. ஆனால் 1928, 1932, 1936 மூன்று ஒலிம்பிக்கிலும் அவர்கள் ஹாக்கிக்கு வரவே இல்லை. தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட நாட்டிடம் தோற்றால் மானம் போய்விடும் என்ற அச்சம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள்.

பெர்லினுக்குப் பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. 1940, 1944 இரண்டு ஒலிம்பிக்கும் நடக்கவே இல்லை. ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையில் எட்டு, பத்து வருடம் போனால் என்ன மிஞ்சும்? ஆனாலும் தேச விடுதலையை ஒட்டிய நாட்களில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்திய அணிக்கு அழைப்பு வந்தபோது, தயான் சந்த் வந்தால்தான் அழைப்பு என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர் அங்கே போய் 22 ஆட்டத்தில் 61 கோல் போட்டார்! அத்துடன் பெரிய ஆட்டங்களிலிருந்து விலகிக்கொண்டார்.

1948-இல் லண்டன் ஒலிம்பிக். இந்தியாவும் பிரிட்டனும் முதன்முதலாக ஒலிம்பிக் ஹாக்கியில் சந்தித்தன. 4-0 என்று இந்தியா வென்றது. இந்த முறை ஏறியது நம் சொந்தக் கொடி. அணியில் தயான் சந்த் இல்லை. பெர்லினுக்குத் தந்தி கொடுத்து வரவழைத்தார்களே, அந்த தாராவும் நம் அணியில் இல்லை. தேசம் பிரிந்துவிட்டதால் அவர் பாகிஸ்தான் அணியின் கேப்டனாக வந்திருந்தார்.

1956-இல் மேஜர் பதவியோடு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார் தயான் சந்த். படிக்காத சிப்பாயாகச் சேர்ந்தவர் மேஜர் ஆனது சாதாரணமா! அதே வருடம் பத்மபூஷண் விருதும் கிடைத்தது. பிறகு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் ஹாக்கி கற்றுக் கொடுத்தார்.

அப்புறம்? அப்புறம்தான் புத்தகத்தில் இல்லாத பகுதி வருகிறது. 'கோல்' 1952-இலேயே முடிந்துவிட்டது. ஒருவேளை அவர் இன்னொரு புத்தகம் எழுதியிருந்தாலும் தம் கஷ்டத்தை எழுதியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வீடு ஜான்சியில். குடும்பம் பெரியது. வருமானம் என்றால் ஓய்வூதியம். கோப்பைகளையும் பதக்கங்களையும் அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். அவற்றைக் கொண்டு அரிசி பருப்பு வாங்க முடியாது. அவருடைய மகன்களில் அசோக் குமார் என்பவர் ஹாக்கியில் கெட்டிக்காரர். எந்த அப்பாவும் மகிழ்ந்து போயிருப்பார். தயான் சந்த் மகிழவில்லை. ஹாக்கி வேண்டாம், வேறு ஏதாவது பார் என்று தடுத்தார். இந்த ஆட்டம் சோறு போடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யோசித்துப் பாருங்கள். உலகமே யாரைப் பார்த்து ஹாக்கி கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதோ, அவரே தம் மகனை ஹாக்கிக்கு அனுப்பப் பயப்பட்டார்.

மகன் கேட்கவில்லை. 1975 மார்ச் 15. கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், பாகிஸ்தானோடு. 2-1 என்று இந்தியா வென்றது. வெற்றிக் கோலைப் போட்டவர் அசோக் குமார். நம் ஆடவர் அணி இதுவரை வாங்கிய ஒரே ஹாக்கி உலகக் கோப்பை அதுதான். அடுத்த வருடமே, 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகப் புல்தரைக்குப் பதிலாகச் செயற்கைத் தரை போட்டார்கள். அதில் இந்தியாவுக்குக் கிடைத்தது 7-ஆவது இடம். 1977-இல் தம்பி ரூப் சிங் காலமானார். கோட்டுத் தைத்துக் கொடுத்து அழைத்துப் போன தம்பி.

தயான் சந்த் ஒரு தடவை ஆமதாபாத்தில் நடந்த ஒரு போட்டிக்குப் போனாராம். வாசலில் நின்றவர்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அவரைப் போன்றவர்கள் தாம் யார் என்று வாசலில் நின்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

1979-இல் கல்லீரலில் புற்றுநோய். டில்லிக்குக் கொண்டு போய் எய்ம்ஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தனி அறை இல்லை. பொது வார்டில் ஒரு கட்டில். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் வரிசையில் இருக்கும் மற்ற நோயாளிகளோடு ஒருவராகப் படுத்திருந்தார். டிசம்பர் 3-ஆம் நாள் உயிர் பிரிந்தது.

பிறகு என்னென்னவோ நடந்தது. 1980-இல் அவர் படத்தோடு தபால்தலை வந்தது. 2002-இல் டில்லியின் தேசிய ஸ்டேடியத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஆகஸ்ட் 29, அவருடைய பிறந்தநாள், தேசிய விளையாட்டு தினம் ஆனது. உங்கள் பள்ளியிலும் கொண்டாடியிருப்பீர்கள். 2021-இல் நாட்டின் மிகப்பெரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள். நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே ஒரு கணக்கு, போகும்போது மூன்று பேர், வரும்போது பெருங்கூட்டம் என்று? அதே கணக்குத்தான். இந்த முறை கூட்டம் வந்தபோது கப்பலில் அவர் இல்லை.

அவருடைய உடலை ஜான்சிக்கே கொண்டு வந்தார்கள். சுடுகாட்டுக்குக் கொண்டு போகவில்லை. ஜான்சி ஹீரோஸ் மைதானத்தில் இறுதிச் சடங்கு செய்யலாம் என்று முடிவானது. அதற்கு அனுமதி வாங்குவதிலும் முதலில் சிக்கல் வந்தது. பிறகு அனுமதி கிடைத்தது. தலையில் கட்டோடு ஆறு கோல் போட்டாரே, அந்தப் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் வீரர்கள் வந்து ராணுவ மரியாதை செய்தார்கள். தாம் பந்து உருட்டிய அதே தரையில் அவருக்குச் சிதை மூட்டினார்கள்.